பெரியப்பாவுக்கு ஒரு டை

'டை' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இன்டர்வியூவுக்குக் கிளம்புகிற தம்பிகளுக்குக் கழுத்தில் மாட்டுகிற டை. நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்குத் தலையில் பூசுகிற டை. எங்கள் பெரியப்பா, "எனக்கு ஒரு டை வாங்கணும்டா, எது நல்லதுன்னு நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று போனில் சொன்னபோது, பக்கத்திலிருந்த பெரியம்மாவின் குரலும் கேட்டது: "இருக்கிறது பத்து முடி. அதுக்கு எதுக்கு டை?"

அவர் கேட்டது மூன்றாவது ரகம். தோட்டா டை!

பெரியப்பாவிடம் ஒரு ரைஃபிள் இருக்கிறது. .375 மேக்னம். முறைப்படி லைசென்ஸ் உண்டு. சிறுமலையில் தோட்டம் இருந்த காலத்தில் அவருடைய அப்பா வாங்கியது. இந்தத் தோட்டாவை லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் கொண்டு வந்தது. யானை, காட்டெருமை சைஸ் ஆசாமிகளுக்கானது. 'மேக்னம்' என்பது டபுள் சைஸ் ஒயின் பாட்டிலின் பெயர். துரைமார்கள் அதையே தோட்டாவுக்கும் வைத்து விட்டார்கள். நம்ம ஊர் ஆள் பெயர் வைத்திருந்தால் 'ஃபுல்' என்றிருப்பார்!

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் அந்த ரைஃபிள் சுட்டதை விட எண்ணெய் குடித்ததுதான் அதிகம். ஆனாலும் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து விடுவார். ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். அன்றைக்கு அவர் நடையே வேறு. ரிட்டயரான மனிதரை "வாங்கய்யா, உட்காருங்க" என்று கூப்பிடுகிற ஆபீஸ் இன்றைக்கு வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்?

மிச்சம் இருப்பது ஐந்தே தோட்டா. நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலை .315 செய்கிறது. இது சீமைச் சரக்கு, லேசில் கிடைக்காது. ஆனால் பழைய சிகரெட் டின் ஒன்றில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். டெக்சாஸில் இருக்கிற பேரன் அதைக் கேள்விப்பட்டு, "தாத்தா, இங்க எல்லாரும் காலிக் கூட்டுல மருந்து போட்டுத் திரும்பவும் சுடறாங்க. கடையிலயே டை விக்குது. எந்த டைன்னு சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, லீவுக்கு வர்றப்ப கொண்டாந்துடறேன்" என்று சொல்லி விட்டான்.

ஆபீஸ் முடிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். சுட்டதும் உள்ளே உண்டாகிற அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி விடும். அதைப் பழைய அளவுக்கு அமுக்குகிற அச்சுதான் டை. ஒரு செட்டில் வழக்கமாக இரண்டு. ஒன்று கூட்டை அமுக்க, இன்னொன்று குண்டைச் சரியான ஆழத்தில் உட்கார வைக்க. அமுக்குகிறதிலும் இரண்டு சாதி உண்டு. முழுக் கூட்டையும் அமுக்குகிற 'ஃபுல் லெங்த்' ஒன்று. கழுத்தை மட்டும் அமுக்குகிற 'நெக்' டை மற்றொன்று. கழுத்தை மட்டும் அமுக்கினால் கூடு அதிக நாள் உழைக்கும். ஆனால் அந்தத் தோட்டா அதே துப்பாக்கிக்குத்தான் சரியாக வரும். நம்ம ஊர்ப் பூட்டும் சாவியும் மாதிரி!

மேக்னத்தில் இன்னொரு வில்லங்கம், கூட்டின் அடியில் இருக்கிற பெல்ட். டையை மிச்சமாக இறக்கி, கூட்டின் தோள்பட்டையைப் பின்னால் தள்ளி விட்டால், சுடும்போதெல்லாம் பெல்ட்டுக்கு மேலே பித்தளை இழுபட்டு மெலியும். ஒருநாள் அங்கேயே துண்டாகும். இரும்பு டை என்றால் மெழுகு தடவ மறக்கக் கூடாது. மறந்தால் கூடு உள்ளேயே மாட்டிக் கொள்ளும்.

டை செய்கிற கம்பெனிகளில் பேர் போனது ஆர்.சி.பி.எஸ். 1943-ல் கலிபோர்னியாவில் ஃபிரெட் ஹண்டிங்டன் ஆரம்பித்தது. அதில் 'ஆர்.சி.' என்பது 'ராக் சக்'. மலைப் பாறைகளில் வாழ்கிற, அணில் இனத்துக் கொழுத்த பிராணி! அதைச் சுடுவதற்கான குண்டு செய்யத்தான் முதல் அச்சு பிறந்ததாம். நம் ஊரில் பெருச்சாளி பெயரில் கம்பெனி ஆரம்பித்தால் பாங்க்கில் லோன் கொடுப்பார்களா?

நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர், "அமெரிக்கா எதுக்கு சார்? அளவு கொடுங்க, நானே கடைஞ்சு தர்றேன்" என்று கிளம்பினார். சொல்ல மாட்டாரா? 1755-ல் ஹைதர் அலி இங்கே ஃபௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு ஆயுதப் பட்டறையே வைத்த ஊராயிற்றே. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வேறு கொடுத்து விட்டார்கள். ஆனால் கார் டயருக்குள் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு அழுத்தம் என்றால், இந்தத் தோட்டாவுக்குள் அறுபதாயிரத்துக்கும் மேல். பூட்டு தப்பானால் கதவு திறக்காது. இது தப்பானால் கண்ணே திறக்காது! கும்பிடு போட்டு விட்டு வந்து விட்டேன்.

பெட்டியில் வருகிற சாமானாயிற்றே என்று வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்து, இரண்டாவது பிரிவில் விரலை வைத்தார். 'தோட்டா' என்ற சொல்லுக்குள் தோட்டா செய்கிற கருவியும் அடக்கம்! "துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் இருந்தா தோட்டா செய்யலாம்னு அர்த்தம் இல்லை. செய்ய ஒரு லைசென்ஸ், வெளிநாட்டுல இருந்து கொண்டு வர ஒரு லைசென்ஸ். பேரன் ஏர்போர்ட்ல மாட்டினா வேலை, விசா எல்லாம் அம்போ!"

பெரியப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நான் அச்சடித்துக் கொடுத்த டை படங்களையெல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். ரொம்ப வருஷத்துக்கப்புறம் காலையில் எழுந்ததும் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது. அதைத்தான் நான் பிடுங்க வேண்டும்.

சொன்னேன். ஃபைலை மெதுவாக மூடினார். "தோட்டா அஞ்சு இருக்கு. எனக்கு எழுபத்தொம்பது. எது முதல்ல தீருதுன்னு பார்ப்போம்" என்றார். அப்புறம், "பையன் சும்மா கை வீசிட்டு வரட்டும். அவன் வந்தா போதும்" என்று சொல்லி, பேரனுக்கு அவரே போன் போட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா துப்பாக்கி ஏதாவது தூங்குகிறதா? லைசென்ஸ்தாரர் காலமாகி விட்டால் அதை அப்படியே வைத்திருப்பது குற்றம். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசாக உங்கள் பேருக்கு மனுப் போடலாம்.

பெரியப்பா அந்த மனுவை இப்போதே நிரப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் எனக்குப் புள்ளி வைத்திருக்கிறார். கூடவே ஒரு கண்டிஷன்: "அடுத்த எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷனுக்குப் போறது நான்தான். நீ வண்டி மட்டும் ஓட்டு!"