ஆட்டமறிந்து ஜோடு

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பெரியோர் வாக்கு. ஆட்டமறிந்து ஜோடு வாங்கு என்பதையும் அதனுடன் சேர்த்துக் கொள்ள வேண்டுமென்பது அடியேனுடைய அபிப்பிராயம். ஆமத்தூரில் உபாத்தியாயனாக இருக்கும் என்னிடம், விளையாட்டு விழாக் காலத்தில் பெற்றோர் வந்து, "பிள்ளைக்கு எந்த ஷூ நல்லது, சார்?" என்று கேட்பார்கள். "எந்த ஆட்டத்துக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். பல நாள் கூலியைச் சேர்த்து வாங்கும் பொருள். அதுவே பிள்ளையின் கணுக்காலுக்குச் சத்துருவாகி விடக் கூடாதல்லவா?

உண்மையில் பட்டாசுத் தொழில் செய்யும் எங்கள் பக்கத்தாருக்கு இது புரியாத விஷயமன்று. வெடிமருந்து அறைக்குள் இரும்பாணி தைத்த செருப்புடன் நுழையலாகாது. ஓர் உராய்வு, ஒரு பொறி, அவ்வளவுதான்! அதே ஆணிதான் ஓட்டப் பந்தயத்தில் உற்ற துணை. குறுந்தூரம் ஓடுகிறவர் முன்பாதத்தால் தரையை உதைத்துப் பாய்கிறார். ஆகையால் ஆணிகள் முன்பக்கம் மட்டுமே. உயரம் தாண்டுகிறவரோ குதிகாலை ஊன்றி எழும்புகிறார். அவருக்குக் குதிகாலிலும் ஆணி வேண்டும். சாலையில் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு ஆணி உதவாது. ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்ச்சியைத் தாங்கத் தடித்த மெத்தைதான் தேவை. அந்த மெத்தை ஜோட்டுடன் பூப்பந்து ஆடி, பக்கவாட்டில் பாய்ந்தால், உயர்ந்த அடிப்பாகம் சாய்ந்து கணுக்கால் பிசகும். பந்தாட்டத்துக்குத் தாழ்ந்த, அகன்ற அடியும், உறுதியான பக்கங்களுமே ஏற்றவை.

வெறுங்காலின் பெருமையை நான் மறக்கவில்லை. 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் வீரர்கள் ஒருவர் நீங்கலாக வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று வென்றார்கள். தேசமே பூரித்தது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். ஆனால் 1952-இல் ஹெல்ஸிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு, பூட்ஸ் கட்டாயமாயிற்று. வீரம் நம்முடையதுதான், ஈரப்புல் அதை அறியுமா?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ஜோடு வாங்கச் சொல்லவில்லை. பிள்ளை அதிகமாக ஆடும் ஆட்டத்துக்கு ஒன்று போதும். 'வளரும் பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தால் சரி. கால் சற்றே பருத்திருக்கும் மாலை வேளையில், பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பணம் உங்களுடையதானாலும், கால் அதனுடையதல்லவா?