ஓதற் பிரிவு

தொல்காப்பியம் சொல்லும் பிரிவுகளில் ஓதலும் ஒன்று. அது உயர்ந்தோர்க்கு உரியது, பிரிகிறவன் ஆண், 3 ஆண்டுகளைத் தாண்டலாகாது என்று கற்பியல் கெடுவும் வைக்கிறது. காத்திருப்பவள் தலைவி, பெற்றவர்கள் அல்ல. தாய் புலம்புவது உடன்போக்கில்: மகள் காதலனோடு போன பின், அவள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் பார்த்து.

என் மகள் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. முதல் வாரங்களில் தினமும் இரவு போன். சாம்பாரில் புளி இல்லை, குளிக்க வரிசை, அறைத்தோழி விளக்கை அணைப்பதில்லை. குறைகள் வந்தவரை எங்களுக்கு வேலை இருந்தது. இப்போது கேட்டால், 'பழகிடுச்சுப்பா' என்கிறாள். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள், வைத்துவிடுகிறாள். அவள் அம்மா அந்தக் குரலில் அழுகையின் சாயலைத் தேடுகிறாள். கிடைக்காததில் நிம்மதி, கூடவே ஏமாற்றம். எனக்கும்தான்.

உடன்போக்குத் தாய்க்கு நொந்துகொள்ளப் பாலைவழி இருந்தது, காதலன் இருந்தான். இது நாங்களே பணம் கட்டி, பெட்டி வாங்கி, பஸ் ஏற்றிவிட்ட பிரிவு. அவள் நன்றாக இருப்பதுதான் இதன் துயரம். வாய்விட்டுச் சொல்ல முடியாதது. மூன்று ஆண்டுக் கெடுவும் திரும்பி வருகிறவனுக்குச் சொன்னது. படித்து முடித்த பெண்ணிடம் திரும்பி வா என்று கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

இந்தத் துறைக்குப் பெயரில்லை. வைக்காததும் நல்லதுதான். பெயர் வந்துவிட்டால் புலம்ப வேண்டியிருக்கும்.