அரைக் கிலோவின் நியாயம்

ஜூன் 2, திங்கள்

நம் ஊர்களில் உள்ள பல சிறிய ஜிம்களில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பாரின் இரண்டு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தப் பிளேட்டைப் போடுவது என்றாலே 5 கிலோ கூட்டுவது என்று பொருள். இந்த 5 கிலோ எல்லோருக்கும் ஒரே 5 கிலோ அல்ல. இந்த வாரம் முழுக்க எழுதித் தெளிவுபடுத்திக்கொள்ள நினைப்பது இதைத்தான். 100 கிலோவில் டெட்லிஃப்ட் செய்பவருக்கு அது 5 சதவீதம். 40 கிலோவில் பெஞ்ச் பிரஸ் செய்பவருக்கு 12.5 சதவீதம். பிளேட் எதுவும் போடாத 20 கிலோ பாரையே தலைக்கு மேல் தூக்கி ஷோல்டர் பிரஸ் பழகுபவருக்கோ 25 சதவீதம். ஒரே தாவலில் கால் பங்கு எடையைக் கூட்டிக்கொள் என்று ஒருவரிடம் சொல்கிறோம். அவர் திணறினால் "இன்னும் வலு வரவில்லை, கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறோம். டம்பெல் நிலைமை இன்னும் மோசம். 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 கிலோ என்று அடுக்கியிருக்கும் இடத்தில், ஒவ்வொரு கையும் ஒரே நாளில் 50 சதவீதம் கூடுதலாகத் தூக்க வேண்டும். முன்னேற்றம் நின்றுபோவதற்குத் தூக்குபவரின் சோம்பலையோ உடல்வாகையோ காரணம் சொல்வதற்கு முன், அங்கே இருக்கும் பிளேட்டுகளைப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய பிளேட் எதுவோ, அதுதான் அந்த ஜிம்மில் யார் வளரலாம், யார் நின்றுவிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

எடையைப் படிப்படியாகக் கூட்டுவதை மருத்துவ முறையாக நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில், முழங்கால் அடிபட்டுத் தொடைத் தசை இளைத்துப்போன சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தவர். காலில் இரும்புக் காலணியை மாட்டி, அதில் எடையைச் சேர்த்து, பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற அளவு எது என்று கண்டுபிடித்து, வலு கூடக் கூட அந்த எடையையும் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைய பயிற்சி முறைகள் பலவற்றுக்கு அடிப்படை. அவர் தொடங்கியது வலுவானவர்களிடம் அல்ல, எழுந்து நடக்கவே சிரமப்பட்டவர்களிடம் என்பதை மறக்கக் கூடாது. எடையைக் கூட்டுவது மருத்துவ முறையாக ஆனதே பலவீனமானவர்களுக்காக. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை எண்ணாகவே சொல்கிறது: திட்டமிட்டதைவிட ஒன்று, இரண்டு முறை கூடுதலாகத் தூக்க முடிந்தால், எடையை 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம். இந்த அளவுகோலை நம் ஜிம் ரேக்கின்மேல் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிறது. 5 கிலோ என்பது 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமானால் தூக்குபவர் ஏற்கெனவே 50 கிலோவில் இருக்க வேண்டும். 1.25 கிலோ ஜோடி இருந்தால் 25 கிலோவில் இருப்பவருக்கே அது போதும். அரைக் கிலோ ஜோடி இருந்தால் 10 கிலோ தூக்குபவர்கூட விதிக்குள் வந்துவிடுவார். 50 கிலோ ஷோல்டர் பிரஸ் என்பது பல பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், நோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் எட்டாத உயரம். சிறிய பிளேட் இல்லாத ஜிம்மில் அவர்கள் முதல் நாள் முதலே விதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

இதற்கு முதலில் வரும் மறுப்பு: எடை கூடாவிட்டால் ரெப், அதாவது தூக்கும் எண்ணிக்கையை, கூட்டிக்கொள்ளலாமே. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போய்விட்டு, பிறகு 5 கிலோ ஏற்றி மறுபடியும் எட்டிலிருந்து தொடங்கலாம். இது நல்ல முறைதான். இதற்கு ஆதாரமும் உண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு வாரக் கால் பயிற்சியில், ரெப்பை மாற்றாமல் எடையைக் கூட்டியவர்களையும் எடையை மாற்றாமல் ரெப்பைக் கூட்டியவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு வழியிலுமே தசை வளர்ந்தது. தசையின் பருமன் மட்டுமே நோக்கமென்றால் ரெப் கூட்டுவது பல காலத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அதிகபட்ச வலு வேண்டும் என்றால் கனமான எடையோடு பழகியாக வேண்டும் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதோடு, ரெப் என்ற பாலம் எல்லா இடத்திலும் மறுகரையைத் தொடுவதில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த பாய்ட் எப்லியின் கணக்குமுறை பயிற்சியாளர்களிடையே பிரபலம்: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடை தோராயமாகக் கிடைக்கும். 80 கிலோவை 12 முறை தூக்குபவரின் உச்சம் 112 கிலோ. அவர் 85 கிலோ ஏற்றினால் ஒன்பது முறையாவது தூக்குவார். ஆகவே அவருக்குப் பாலம் உறுதியானது. 20 கிலோவை அதே 12 முறை தூக்குபவரின் உச்சம் 28 கிலோ. அவர் 25 கிலோ ஏற்றினால் மூன்று முறையோடு நின்றுவிடும். 22.5 கிலோவானால் ஏழு. 21 கிலோவானால் பத்து. இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் வேறுபாட்டின் அளவு தெளிவு. ஒரே முறை, ஒரே உழைப்பு. ஒருவருக்கு வழி திறக்கிறது, இன்னொருவருக்கு அடைபடுகிறது. அப்படி அடைபட்ட இடத்தில்தான் ஃபார்ம் கெடுகிறது: இடுப்பைப் பின்னால் வளைத்து பிரஸ் செய்வது, மார்பில் பாரை மோதவிட்டு அந்த எம்பலில் தூக்குவது. இவற்றைக் கெட்ட பழக்கம் என்று கண்டிக்கிறோம். அவற்றில் பல, தாங்க முடியாத தாவலுக்கு உடல் கண்டுபிடித்த குறுக்குவழிகள்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. தூக்கம், சாப்பாடு, வெயில் ஆகியவற்றைப் பொறுத்து ஒருவரின் வலு நாளுக்கு நாள் ஒரு கிலோவுக்கு மேலேயே ஏறி இறங்கும். அதில் அரைக் கிலோ எங்கே தெரியப்போகிறது என்று கேட்கிறார்கள். தெரிய வேண்டியதில்லை என்பதே பதில். சின்ன எடை அன்றைய வலுவை அளக்கும் சோதனை அல்ல. வாரக்கணக்கில் ஒரே திசையில் நகரச் செய்யும் திட்டம். வாரம் ஒரு கிலோ என்றால் பத்து வாரத்தில் 20 கிலோ 30 ஆகும். இடையில் ஒரு வாரம் தடுமாறினால் அதே எடையில் நின்றுவிட்டு அடுத்த வாரம் தொடரலாம்; இழப்பு ஒரு கிலோதான். 5 கிலோ தாவலில் தோற்றால் பழைய எடைக்கே திரும்ப வேண்டும், எந்த அளவில் வலு முடிந்தது என்றும் தெரியாது. இன்னொரு மறுப்பு, சாதாரண வார்ப்பிரும்புப் பிளேட்டுகளில் எழுதியிருக்கும் எடையே சரியாக இருப்பதில்லை என்பது. உண்மைதான், 20 கிலோ பிளேட்டில் 2 சதவீதம் பிசகினாலே 400 கிராம். ஆனால் அது சிறிய எடையைக் கைவிடக் காரணம் ஆகாது. பெயிண்டால் ஓர் அடையாளம் வைத்து எப்போதும் அதே பாரையும் அதே பிளேட்டுகளையும் எடுத்தால், மொத்த எடை எவ்வளவாக இருந்தாலும் கூட்டியது கூட்டியதுதான். போட்டி மேடையைப் பார்த்தால் இந்தச் சிறு அளவுக்கு உலகம் தரும் மதிப்பு புரியும். பளுதூக்குதலில் 2005 வரை 2.5 கிலோவாக இருந்த படி, அதன் பிறகு ஒரு கிலோவாகக் குறைக்கப்பட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். தங்கம் வென்றவரின் எடை 242.5. அன்றைய ஒரே ஒரு படிதான் இடைவெளி. 2024 பாரிஸில் மீராபாய் சானு 199 கிலோவோடு நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் 200 கிலோவுக்குப் போனது. உலகின் மிக வலுவான பெண்களுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான படி கிடைக்கிறது. பார் பிடிக்கப் பழகும் பெண்ணுக்கு 25 சதவீதப் படி. இந்தத் தலைகீழ் ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இருக்கும் சாமான்களை வைத்து என்ன செய்யலாம் என்பதையும் எழுதியாக வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று சிறு பிளேட்டுகள் தனியாகவே விற்பனைக்கு வருகின்றன. பாரின் முனை 50 மி.மீ. கனமா, வீட்டுக் கம்பிபோல அதைவிட மெல்லியதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது முடியாதபோது, கணுக்காலில் கட்டும் அரைக் கிலோ எடைப் பட்டை நல்ல மாற்று. பாரின் இரு முனையிலும் சுற்றி இறுக்கிவிட்டு அதன் வெளியே லாக் போட்டால் நகராது. டம்பெல் பிடிக்கும்போது அதே பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். ஹார்ட்வேர் கடையில் எடைபோட்டு வாங்கும் இரும்புச் சங்கிலியும் உதவும். ஆனால் அதைச் சுருட்டிக் கட்ட வேண்டும். தொங்கவிட்டால் ஆடும், நுனி தரையைத் தொட்டால் எடை பாதி வழியில் மாறும். தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவதிலும் இதே ஆட்டம் இருப்பதால், தலைக்கு மேல் தூக்கும் எதற்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் எடை போடும் வழக்கமும் வேண்டாம். எதைச் சேர்த்தாலும் முதலில் தராசில் நிறுத்து, அதன்மேல் எழுதிவைப்பது நல்லது. எல்லா உடற்பயிற்சிக்கும் இந்த நுணுக்கம் தேவையில்லை. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் தொடக்க மாதங்களில் பலர் 5 கிலோ தாவலை எளிதாகத் தாங்குவார்கள். தோளும் கையும் வேலை செய்யும் பயிற்சிகளில்தான் சிறு எடையின் தேவை முதலில் வரும். செலவு என்ற கடைசி மறுப்புக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இரும்பு கிலோ கணக்கில் விலைபோகிறது. இன்னொரு ஜோடி 20 கிலோ பிளேட் 40 கிலோ இரும்பு, கால், அரை, முக்கால், ஒரு கிலோ என்று நான்கு ஜோடி சிறு பிளேட்டும் சேர்ந்தாலே 5 கிலோதான். அந்தப் பெரிய ஜோடியால் பயன்பெறுபவர்கள் ஏற்கெனவே வலுவான சிலர். சிறு பிளேட்டுகளால் பயன்பெறுபவர்கள் புதிதாக வருகிற எல்லோரும். ஆகவே ஒரு ஜிம் அடுத்து எதையாவது வாங்குவதென்றால், மிகப் பெரிய பிளேட்டைத் தள்ளிவைத்துவிட்டு மிகச் சிறியதை வாங்கட்டும்.