கடிதங்களுக்காக ஒரு மாளிகை

சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், தோட்டத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, "தண்ணீர் கக்கும் சிங்கத்தைப் பார்த்தீர்களா?" என்பது. சிங்கத்தையும் பார்த்தேன், அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தையும் பார்த்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் திரும்பியும் பார்க்காத ஒரு கட்டடம் சாலைக்கு மறுபக்கத்தில் நிற்கிறது. பருத்த தூண்களுடன் அரண்மனை போல் தோன்றும் அதன் பெயர் ஃபுல்லர்டன் மாளிகை. இன்று அது செல்வந்தர்கள் தங்கும் தங்கும்விடுதி. ஒரு காலத்தில் அது நம்மைப் போன்ற சாதாரண மக்களின் கடிதங்கள் வந்து போன இடம். சிங்கப்பூரின் தலைமைத் தபால் நிலையம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கி நான் பார்க்கப் போனது அதைத்தான்.

கட்டை எண்ணிக்கொண்டு ஒரு பயணம்

ஜோகூர் பாரு லார்க்கின் நிலையத்தில் 170-ஆம் எண் பேருந்தில் ஏறினால் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் போய் இறங்கலாம். இடையில் இரு கரைகளிலும் கடப்பிதழைக் காட்டி, வரிசையில் நின்று, மறுபடியும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்தான். ஆனால் விடுமுறை நாளில் அதைக் கடக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

பாலத்தைத் தாண்டியபின் பேருந்து புக்கிட் பாஞ்சாங் வழியாக வருகிறது. பழைய ஆட்கள் அந்த இடத்தைப் பத்தாங்கட்டை என்பார்கள். இன்னும் சற்றுத் தூரம் வந்தால் புக்கிட் தீமா ஏழாங்கட்டை. நம் தோட்டப்புறங்களிலும் மூன்றாங்கட்டை, ஐந்தாங்கட்டை என்று ஊர்கள் உண்டல்லவா? ஒரு மைலுக்கு ஒரு கல் நட்டு எண்ணிய காலத்துப் பெயர்கள் அவை. எங்கிருந்து எண்ணினார்கள்? சிங்கப்பூரில் அந்தக் கணக்கு தொடங்கிய இடம் தலைமைத் தபால் நிலையம்தான். ஒரு தீவின் சாலைகளையெல்லாம் கடிதம் புறப்படும் வாசலிலிருந்து அளந்தார்கள் என்றால், அன்று தபாலுக்கு இருந்த மதிப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

வழியில் தாவரவியல் பூங்கா வருகிறது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்த பூங்கா அது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி துரை வகுத்ததும் அங்கேதான். நம் முன்னோர்கள் கடல் தாண்டி வந்ததற்கும், அவர்கள் ஊருக்குக் கடிதம் எழுத நேர்ந்ததற்கும் அந்தக் கன்றுகள் ஒரு காரணம்.

தூண்களுக்கு உள்ளே

குவீன் ஸ்திரீட்டிலிருந்து நிதானமாக நடந்தால் அரை மணி நேரத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். அங்கே கெவனா பாலம் என்ற பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. அதிக பாரமுள்ள வண்டிகளும் ஆடுமாடுகளும் குதிரைகளும் போகக்கூடாது என்ற பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் அதில் இருக்கிறது. பாலத்தின் மறுமுனையில், கண்ணை நிறைத்துக்கொண்டு எழுகிறது தபால் மாளிகை.

1928-ஆம் ஆண்டில் கவர்னர் ஹியூ கிளிஃபர்டு இதைத் திறந்து வைத்தார். நீரிணைக் குடியேற்றங்களின் முதல் கவர்னரான ராபர்ட் ஃபுல்லர்டனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. கீழ்த்தளங்களில் தபால் நிலையம். மேலே அரசாங்க அலுவலகங்களும் வெள்ளைக்காரர்களின் கிளப்பும். தபால்தலை வாங்கவும் மணியார்டர் கட்டவும் மக்கள் நின்ற முகப்பு மேசை மட்டும் சுமார் 300 அடி நீளம் என்பார்கள். நம் லயத்தில் எத்தனை வீடுகள் அந்த நீளத்துக்குள் அடங்கும் என்று மனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தபால் மூட்டைகளைப் படகுத்துறைக்குக் கொண்டு செல்லத் தரைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதையும் இருந்ததாம்.

1996 வரை இங்கே தபால் வேலை நடந்தது. 2001-இல் தங்கும்விடுதியாகத் திறந்தார்கள். 2015-இல் இது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே போகலாமா என்று தயங்க வேண்டியதில்லை. கூடத்தில் பழைய படங்களும் தபால் நினைவுப் பொருள்களும் வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம். தேநீர் மட்டும் அங்கே குடிக்க வேண்டாம். நம் பணத்துக்கு அது கட்டாது!

கடிதம் நின்றுபோன காலம்

இந்தச் சுவர்களுக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நெருங்கியபோது, இதே கட்டடம் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. சரணடைவதைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே கூடிப் பேசினார்கள். பிறகு ஜப்பானிய இராணுவ நிர்வாகமே இதில் வந்து அமர்ந்தது.

கடல்வழி அடைபட்டது. ஊரிலிருந்து கடிதம் வருவதும் நின்றது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான நம்மவர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல், எத்தனை தாய்மார்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்! கடிதத்தின் அருமை, அது வராத காலத்தில் தெரிந்தது. நம் தோட்டங்களில் இன்னும் அந்தக் கதையைச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் டின்னில் இருந்த சொத்து

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக் கணக்கானோர், பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என் பாட்டியின் தம்பியும் அவர்களில் ஒருவர். அக்காளும் தம்பியும் அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு இடையே இருந்தது கடிதம் ஒன்றுதான்.

அந்தக் கடிதங்களைப் பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மடித்தாலே உறையாகிவிடும் மெல்லிய நீல நிற ஆகாயக் கடிதங்கள். மேலே பிள்ளையார் சுழி. பிறகு "நலம், நலமறிய ஆவல்". இடம் போதாமல் ஓரங்களில் செங்குத்தாக எழுதிய விசாரிப்புகள். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணச் செய்தி என்று பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். சாவுச் செய்தி என்றால் வாசலுக்கு வெளியிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். ஆகவே அந்த டின்னில் இருந்தவை எல்லாம் நல்ல செய்திகள்தான்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தம்பியின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வார். கடைசி இரண்டு கடிதங்களில் எழுத்துகள் வளைந்து நடுங்கியிருப்பதைக் காட்டி, "தம்பிக்கு உடம்பு சரியில்லை. இவன் எழுதவில்லை, நான் சொல்கிறேன்," என்றாராம். கடிதத்தில் "நலம்" என்றுதான் எழுதியிருந்தது. அந்த நடுக்கத்தை எந்த அச்செழுத்து காட்டும்? கைப்பேசியில் செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் யார் அனுப்பினாலும் அதில் எழுத்து ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பேனாவில் நம் ரப்பர்

திரும்பும் வழியில் பிராஸ் பாசா வளாகத்துக்குப் போனேன். 1980-இல் திறக்கப்பட்ட அடுக்குமாடிக் கட்டடம் அது. கீழ்த்தளங்களில் புத்தகக் கடைகளும் எழுதுபொருள் கடைகளும் நிறைந்திருக்கும். தாள் வாசனையை விரும்புகிறவர்களுக்கு நேரம் போவதே தெரியாது.

அங்கே மைப்பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாணவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல பாடம் கிடைத்தது. முள்ளின் நடுவில் மயிரிழை போன்ற ஒரு பிளவு இருக்கிறது. மை அதன் வழியே தானே இறங்கி முனைக்கு வருகிறது; கையை அழுத்த வேண்டியதில்லை. பால் மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் விழுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பால் தன் பாரத்தால் இறங்குகிறது, மையோ குறுகிய பிளவு இழுப்பதால் வருகிறது. தாளைத் தொட்டால்தான் ஓடும், தொடாவிட்டால் நின்றுகொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய காலத்துப் பேனாக்களின் உடல் கெட்டி ரப்பரால் ஆனது. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் மரம் போல் இறுகிவிடும். எபோனைட் என்பது அதுதான். முள்ளுக்கு அடியில் மை வந்து சேரும் நாக்கையும் அதில்தான் செய்தார்கள். உள்ளே மை நிரப்பும் பையும் ரப்பர்தான். ஆக, அதிகாலையில் பெரட்டுக்குப் போய், கொசுக்கடியில் மரம் வெட்டியவர்களின் உழைப்பு, உலகத்தில் எத்தனையோ பேருடைய சட்டைப் பையில் பேனாவாக இருந்திருக்கிறது. அந்த உழைப்பாளிகளில் பலருக்கு எழுதத் தெரியாமல், கிராணியையோ வாத்தியாரையோ தேடிப்போய்க் கடிதம் எழுதச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

விலை உயர்ந்த பேனாக்கள் கண்ணாடிக்குள் இருந்தன; பார்ப்பதற்குக் காசில்லை. சீனத்து ஹீரோ பேனா போன்ற எளிய பேனாவே பிள்ளைகளுக்குப் போதும். நான் ஒரு பேனாவும் ஒரு புட்டி நீல மையும் ஒரு கட்டுக் கடிதத்தாளும் வாங்கினேன். தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான தாளில் மை ஊறிப் படர்ந்து, எழுத்து மயிர் முளைத்தது போல் ஆகிவிடும். சற்று வழுவழுப்பும் கனமும் உள்ள தாளில் எழுத்து கூர்மையாக நிற்கும், மறுபக்கமும் எழுதலாம். கோடில்லாத தாளாக இருந்தால், அழுத்தமாகக் கோடு போட்ட தாள் ஒன்றை அடியில் வைத்துக்கொண்டால் வரி கோணாது.

தபாலில் சேரட்டும்

தமிழ்ப்பள்ளியில் உறவுக் கடிதம் எழுதக் கற்றுத் தருகிறோம். பிள்ளைகளும் அழகாக எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடுகின்றன. சிவப்பு மையில் மதிப்பெண் வாங்குவதோடு அவற்றின் பயணம் முடிந்துவிடுகிறது. இந்தத் தவணையில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "இந்தக் கடிதத்தை உண்மையாகவே அனுப்பப் போகிறோம்; யாருக்கு எழுதலாம்?" என்று கேட்டேன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட தாத்தா, பாட்டி, பழைய அண்டை வீட்டு அத்தை என்று ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். முகவரி கேட்டு வரச் சொன்னபோதுதான், பல வீடுகளில் தொலைபேசி எண் இருக்கிறது, முகவரி இல்லை என்று தெரிந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாயின; லயங்கள் இடிந்தன. ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் இன்று ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறோம். ஆகவே பெற்றோர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உறவினர்களின் முகவரிகளை அஞ்சல் எண்ணோடு ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதி, கீழே பிள்ளைகளையும் இரண்டு வரி எழுதச் சொல்லி, தபால்தலை ஒட்டி அனுப்புங்கள். தேதியை மறக்காமல் போடுங்கள். பிற்காலத்தில் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்கு அது மிகவும் தேவைப்படும்.