கடிவாளம் பிடித்தவன்

ரியூசன் முடிந்தால் நாங்கள் நாலு பேரும் நேரே வீட்டுக்குப் போனதில்லை. சந்தியில் ஒரு கொம்பியூட்டர் கடை இருந்தது. காசு சேர்த்து ஒரு மணித்தியாலம் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' விளையாடுவோம். 1997இல் வந்த முதலாவது பாகம். எங்களை விட வயது கூடின கேம். நாங்கள் நாலு பேரும் ஒரு பக்கம், மற்றப் பக்கம் கொம்பியூட்டர்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு திட்டம்தான்: தேர் வில்லாளிகள். சந்தையைக் கட்டிச் சக்கரத்தைக் கண்டுபிடிச்சால் போதும், பிறகு ஒரு தேருக்கு 40 உணவு, 70 மரம். தங்கமே தேவையில்லை. எய்யிறது, ஓடுறது, திரும்பி நின்று எய்யிறது. வாள்காரர் துரத்தித் துரத்தியே செத்துப்போவார்கள்.

எங்களில் ஒருவனுக்குச் சண்டை சரிவராது. பதறிப்போய் எல்லாத்தையும் மாறி அமத்திப்போடுவான். அதனால் அவன் ஒரு மூலையில் இருந்து மரம் வெட்டுவான், தோட்டம் போடுவான், எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். "மச்சான், 300 மரம் விடு!" என்று கத்துவோம். வரும்.

போன மாதம் வட்ஸ்அப் குறூப்பில் அந்தப் பழைய சண்டைகளைப் பற்றிக் கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தோம். யார் எத்தனை தேரோடு போய் எந்த ஊரை அழிச்சது என்று ஒரே புளுகு. கடைசியில் அவன் ஒரு வரி போட்டான்: "அப்ப மரம் ஆர் தந்தது?" பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தான். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதுக்குப் பிறகுதான் உண்மையான தேர் வில்லாளிகளைத் தேடி வாசித்தோம். கேமில் தேர் என்பது ஒரே உயிர், ஒரு கிளிக். ஆனால் பழைய எகிப்தின் போர்த்தேரில் இரண்டு பேர். வில்லை வளைக்க இரண்டு கையும் வேணும். பாய்ந்து ஓடுகிற குதிரைகளை அப்போது யார் பிடிக்கிறது? அதுக்குத்தான் சாரதி. தேரை அம்பு எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோய், எதிரி கிட்ட வர முதல் திருப்பி எடுக்கிறது அவன் வேலை.

கி.மு. 1274 அளவில், இன்றைய சிரியாவில் இருக்கும் கடேசில், இரண்டாம் ராம்சேஸ் ஹிட்டைட்டுகளோடு மோதினான். அந்தப் போரைக் கோயில் சுவர்களில் செதுக்கி வைத்தான். அந்தச் சிற்பங்களில் அரசன் தேரில் தனியே நிற்கிறான். கடிவாள வார் அவன் இடுப்பில் கட்டியிருக்கிறது, இரண்டு கையாலும் வில்லை இழுக்கிறான். சாரதியைக் காணவில்லை. ஆனால் அதே போரைச் சொல்லும் எழுத்தில் அவனுக்குப் பெயர் இருக்கிறது: மென்னா. எதிரித் தேர்கள் சூழ்ந்தபோது பயந்துபோனான் என்றும் எழுதியிருக்கிறது. பயந்தவன் இறங்கி ஓடவில்லை. சண்டைக்குள் தன்னோடு நின்றவர்கள் என்று அரசன் கடைசியில் சொல்பவர்களில் அவன் இரண்டு குதிரைகளும் இந்த மென்னாவும் உண்டு. எழுத்தில் இருக்கிறவன் படத்தில் இல்லை.

அசீரியர்கள் கி.மு. 9ஆம் நூற்றாண்டில் குதிரையில் ஏறிச் சண்டைபிடித்தபோதும் இந்தச் சோடி விட்டுப்போகவில்லை. அவர்களின் சிற்பங்களில் இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒருத்தன் எய்கிறான், மற்றவன் இரண்டு குதிரையின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறான். தேர் போய்விட்டது, சாரதி போகவில்லை.

எங்களுக்குத் தெரிந்த பாரதத்தில் மட்டும் சாரதிக்குப் பெரிய மரியாதை என்று முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால், அர்ச்சுனனின் சாரதி கண்ணன், கடவுள். அதே கதையில் கர்ணனை அவமானப்படுத்த எல்லாரும் எடுக்கிற சொல் 'தேரோட்டி மகன்'. கடவுளாக இருந்தால்தான் கடிவாளம் பிடித்தவனைக் கும்பிடுவோம் போல.

போன ஞாயிறு நாலு பேரும் வெவ்வேறு ஊர்களில் இருந்து ஒன்லைனில் சேர்ந்தோம். "இந்தமுறை சண்டை நீ பிடி, மரம் நாங்கள் வெட்டுறம்" என்றோம். அவன் எகிப்தை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: "300 மரம் விடுங்கோடா!"

மூன்று பேரிடமும் சேர்த்து 60 இருந்தது.