உள்ளேன் ஐயா!



ஆசிரியர் தினத்துக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு நான்கைந்து பேர் என் மகனுக்குப் போன் போட்டு, "சார் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்திருக்கிறார்கள். ஒருவன் இன்னும் நேராக, "சார் இருக்காங்களா?" என்றே கேட்டுவிட்டானாம். இருக்கிறேன்பா. நன்றாகவே இருக்கிறேன். சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

தை மாதத்திலிருந்து பட்டன் போனுக்கு மாறிவிட்டேன். செய்தி அவ்வளவுதான். இந்தப் பதிவைக்கூட மகன் விட்டுச் சென்ற பழைய கம்ப்யூட்டரில், தமிழ்99 விசைப்பலகையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் முகநூல். அதற்குமேல் நாற்காலியில் உட்கார முதுகும் சம்மதிப்பதில்லை.

"சித்தப்பா ஏன் குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறினார், யார் மேல் கோபம்?" என்று உறவினர்கள் நடுவில் ஒரு பேச்சு ஓடுவதாகவும் காதில் விழுந்தது. யார் மேலும் கோபம் இல்லை. காரணம் அக்கா.

அக்கா எங்களோடு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அத்தான் காலமான பிறகு அம்பாசமுத்திரத்துக்கே வந்துவிட்டார். இப்போது வயது 78. இரண்டு வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. ஆனால் 1950களில் நடந்ததை, நேற்று நடந்ததுபோலச் சொல்வார். மறதி நோயில் பெரும்பாலும் இப்படித்தான், புதிய நினைவு முதலில் போகும், பழையது கொஞ்ச காலம் நிற்கும் என்று டாக்டர் விளக்கினார்.

அக்காவோடு பேசும்போது நான் கவனித்த ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

நீங்களும் நானும் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ஒரு போன் வந்தால், பேசி முடித்துவிட்டு, "என்ன சொல்லிட்டு இருந்தோம்?" என்று கேட்டு, விட்ட இடத்தில் தொடங்கிவிடுவோம். அக்காவால் அது முடியாது. மெசேஜ் வந்து "டிங்" என்றாலே போதும், எதிரில் இருப்பவர் கண் ஒரு நொடி கீழே போனாலே போதும், சொல்லிக்கொண்டிருந்தது அறுந்துவிடும். அறுந்த நுனி எங்கே என்று தேடுவார். கிடைக்காது. "நீ வேலையைப் பாரு தம்பி" என்று சிரித்துவிட்டுக் கீரையை ஆய ஆரம்பித்துவிடுவார். பாதியில் நின்ற அந்தப் பேச்சு மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனில் வீடியோ ஓடினால் இன்னும் குழப்பம். அந்தக் குரல்களைக் கேட்டு, "யாரு வந்திருக்கா? காபி போடணுமா?" என்று எழுந்துவிடுவார்.

சத்தத்தை அணைத்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். அணைக்கலாம். ஆனால் சட்டைப் பையில் அது இருக்கிறது என்பதே ஒரு நினைப்பு.

பி.எட். படித்தவர்கள் ஸ்கின்னரை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் வெளியிட்ட பெரிய நூலில் புறாச் சோதனைகள் வரும். கொத்தினால் எப்போது தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சில முறை கிடைக்கும், சில முறை கிடைக்காது என்பதுதான் அதைக் கட்டிப்போடும் கயிறு. போனை எடுத்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். பத்துத் தடவை பார்த்தால் ஒன்பது தடவை "குட் மார்னிங்" படம், பத்தாவது தடவை பேரனின் போட்டோ. அந்தப் பத்தாவதுக்காகத்தான் கை போகிறது.

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிச் செய்தி முடிந்தால் "செய்திகள் முடிவடைந்தன" என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் திரைக்கு அடிப்பக்கமே கிடையாது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். நிறுத்தும் இடம் இல்லாத பொருளை நிறுத்த, மனிதனுக்குத் தனியாக ஒரு பலம் வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தை அக்காவுக்காகச் செலவிடுவோமே என்று நினைத்தேன்.

34 வருடம் வகுப்பில் நின்றவனுக்கு இது புதிய பாடமும் இல்லை. காலையில் பெயர் வாசித்தால் ஐம்பது பேரும் "உள்ளேன் ஐயா" என்பீர்கள். பதிவேட்டில் வருகை முழுமையாக இருக்கும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால், கடைசி பெஞ்சில் நாலு பேர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இருப்பார்கள். இரண்டு பேர் நேற்றுப் பார்த்த கிரிக்கெட்டில் இருப்பார்கள். (யார் யார் என்று இங்கே எழுதவில்லை. ஒருவர் இப்போது தலைமையாசிரியர்.) உள்ளே இருப்பது வேறு, உள்ளேன் என்று சொல்வது வேறு. அதைக் கண்ணைப் பார்த்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். ஞாபகம் குறைந்த அக்காவும் கண்டுபிடித்துவிடுகிறார். பெயர் மறக்கிறது, நாள் மறக்கிறது. எதிரில் இருப்பவன் கேட்கிறானா இல்லையா என்பது மட்டும் மறக்கவில்லை.

குவிலென்ஸ் வைத்துக் காகிதத்தைக் கருக வைக்கும் சோதனையை மைதானத்தில் எத்தனை முறை செய்திருக்கிறோம்! அதே வெயில், அதே காகிதம். கை ஆடிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கப் பிடித்தாலும் காகிதம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். சரியான தூரத்தில் அசையாமல் பிடித்தால் சில நொடியில் புகை வரும்.

இப்படிக் கேட்டதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதும் நேரம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். ஒரு ராத்திரி, நல்ல மழை. சங்கு ஊதி வெகு நேரமாகியும் அப்பா வரவில்லை. அம்மாவும் அக்காவும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலம் வரை போய் நின்ற கதை. இதை அக்கா பல முறை சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் பலருக்கும் மனப்பாடம். ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் அதே கதை. விளக்கு வந்தது, மழை வந்தது, பாலம் வந்தது. திடீரென்று, "அம்மா இடுப்புல சின்னவன் இருந்தான், அவன் தலையில முந்தானையைப் போட்டு மூடியிருந்தா" என்றார்.

நான் பிறந்தது 1959-ல். அக்கா சொல்வது அதற்கு நாலைந்து வருடம் முந்திய மழை. "எந்தச் சின்னவன்கா?" என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டானாம். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அம்மாவும் அப்பாவும் ஒரு நாளும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. போட்டோ இல்லை. இந்த உலகத்தில் அவன் முகம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. 66 வயதில் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்தான்.

அன்று ராத்திரியே டைரியில் பெயரையும், முந்தானை போட்டு மூடியதையும் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை இன்னும் மூன்று தடவை கேட்டுவிட்டேன். சின்னவன் வரவில்லை. இனி வருவானா, தெரியாது.

இதைப் படித்துவிட்டு, எல்லோரும் போனைத் தூக்கிப் போடுங்கள் என்று சார் சொல்கிறார் என எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பலருக்கு அதுதான் சோறு. டெலிவரி வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவல் எல்லாம் குரூப்பில் வாங்க வேண்டிய அம்மா, வெளிநாட்டில் இருந்து பெற்றோர் முகம் பார்ப்பவர், இவர்களுக்கெல்லாம் அது அவசியம். பென்ஷன் வாங்கும் ஒருவனுக்கு இருக்கும் வசதி எல்லோருக்கும் கிடையாது. எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. அது வீட்டம்மாவுடையது. டிவி மேசையில் சார்ஜரோடு கிடக்கும். கேஸ் புக் செய்ய, பேத்தியோடு வீடியோவில் பேச, அங்கே போய் நின்றுதான் பேச வேண்டும், அந்தக் காலத்து லேண்ட்லைன் மாதிரி.

கஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு துக்கச் செய்தி குரூப்பில் மட்டும் வந்து, எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. முகம் பார்க்க முடியவில்லை. அது இழப்புதான். ஒரு கிரகப்பிரவேச அழைப்பும் அப்படிப் போனது. வெளியூரில் புதிய இடத்துக்கு வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. பணம் அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. பேங்க் ஓடிபி பட்டன் போனுக்கும் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடுகிறது. சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யூபிஐ 123பே என்ற சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே *99# உண்டு. காய்கறிக்கும் பாலுக்கும் சட்டைப் பையில் ரூபாய் நோட்டு.

இந்தப் போனில் டார்ச் இருக்கிறது, எஃப்எம் இருக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் வருகிறது. 2003-ல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? அந்தக் குடும்பம்தான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நிற்கும் வரை, நம் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் அங்கே வேலை பார்த்தீர்கள். "சார், உங்க கையில இருக்கிற போன் நான் செஞ்சதா இருக்கும்" என்று ஒரு மாணவி அப்போது சொன்னது இதைப் பிடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லது கெட்டது எதுவானாலும் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். நம்பர் மாறவில்லை. காலை 9 மணிக்கு மேல் எப்போதும் பேசலாம். சாயங்காலம் 5 முதல் 7 வரை மட்டும் எடுக்க மாட்டேன். அது அக்காவின் பீரியட். அவசரம் என்றால் வீட்டம்மாவுக்குப் போடுங்கள்.

அக்காவைப் பார்க்க வருபவர்கள் தயவுசெய்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியவில்லை என்றால் அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசியுங்கள். "அத்தை, நான் இன்னாருடைய மகன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேராக உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். ஏற்கெனவே சொன்ன கதை என்றாலும் புதிதாகக் கேளுங்கள். வந்தவுடன் செல்ஃபி எடுக்க வேண்டாம். போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா இல்லாத வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார், அல்லது ஒரு குழந்தை இருக்கும். இருவர் பேச்சும் ஒரே மாதிரிதான், அறுந்தால் திரும்ப ஒட்டாது. நாளில் ஒரு மணி நேரம் போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு அவர்கள் எதிரில் உட்காருங்கள். அவ்வளவு போதும்.

உறவினர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தச் சின்னவனின் பெயரை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. அது லைக் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிற பெயர் இல்லை. தீபாவளி லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திண்ணையில் எல்லோரும் உட்காருவோம். அக்கா மழைக் கதை சொல்வார். அவர் சொன்னால் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், கதை முடிந்த பிறகு டைரியை எடுத்துவந்து நான் வாசித்துக் காட்டுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஃபிசிக்ஸ் சார்