மட்டிக்கும் மட்டு உண்டு

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கடற்கரையோடு நடப்பவருக்கு ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மணலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே சனம் நெருங்கி வாழும் ஒடுங்கிய மணல் நிலம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை ஏறி வந்தது இந்த மணலின் மேல்தான். இலங்கையில் அதிக உயிர்களை அன்று இழந்த மாவட்டம் அம்பாறை. ஆனாலும் சனம் அதே கடலுக்குத்தான் திரும்பிப் போனது. சிலர் தொழிலுக்குப் போனார்கள். சிலர் பெருநாள் பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கால் நனைக்கப் போனார்கள்.

இந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் குனியும் வேலை ஒன்று உண்டு: மட்டி பொறுக்குவது. கரைவலையைப் பற்றியும் ஆழ்கடல் வள்ளங்களைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். மட்டி பொறுக்குபவர்களை மீனவர் கணக்கில் சேர்க்கவே யாருக்கும் தோன்றுவதில்லை. வள்ளம் இல்லை, எஞ்சின் இல்லை, முதலாளி இல்லை. கையும் காலும் ஒரு பையும் போதும். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயதாகிக் கடலுக்குப் போவதை நிறுத்திய ஆண்கள். அவர்களைப் பார்க்கத்தான் ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில் களியோடை ஆறு கடலை நெருங்கும் பக்கத்துக்குப் போனேன்.

கச்சான் காற்று அடிக்கும் காலம். நெற்றி வேர்த்தாலும் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் இவைதான். சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் விழும் நேரத்தில் ஒரு ராத்தாவும் அவருடைய மச்சாளும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கரையில் ராத்தாவின் உம்மா, வலைத்துண்டில் தைத்த பைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

நம் கடலில் வற்றும் பெருக்கும் குறைவு. ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வட அமெரிக்காவிலும் பிரான்சிலும் போல வற்றில் கிலோமீற்றர் கணக்காகச் சேற்றுத்தரை வெளியே தெரிந்து, சப்பாத்துக் காலோடு நடந்து பொறுக்குவது இங்கே நடக்காது. இறங்கத்தான் வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை.

“கால்தான் சொல்லும் மகன். குதிக்கால மண்ணுக்குள்ள திருகினா தட்டுப்படும். கல்லுக்கும் மட்டிக்கும் வித்தியாசம் இரிக்கி. கல்லு கிடந்த இடத்துலயே கிடக்கும், மட்டி கீழ போகப் பார்க்கும்” என்றார் ராத்தா.

அவர் சொன்னதில் உயிரியலும் இருக்கிறது. மட்டிக்கு இருப்பது ஒற்றைக் கால். அந்தத் தசையை மண்ணுக்குள் நீட்டி, நுனியை வீங்கவைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டைக் கீழே இழுக்கும். மேலே இரண்டு குழாய்களை நீட்டி, ஒன்றால் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்றுவிட்டு, மற்றதால் வெளியே விடும். ஈர மணலில் அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு சிறு துளைகள் அந்தக் குழாய்களின் வாய். கரையில் பொறுக்குபவர்கள் தேடுவது அதைத்தான். தண்ணீரில் நிற்பவர்களுக்குப் பாதம்தான் வழிகாட்டி.

எடுத்ததை ராத்தா நேராகப் பைக்குள் போடவில்லை. பெருவிரலோடு சேர்த்து ஒரு தடவை தடவிப் பார்த்தார். சிலதைப் பையில் போட்டார், சிலதைக் காலடியில் விட்டார்.

“நகத்த விடச் சின்னன்டா விட்டுருவம். விதைநெல்லக் குத்திச் சோறாக்கினா அடுத்த போகம் என்னத்த விதைக்கிற?”

அவர் தவறவிட்ட குஞ்சையும் அந்தப் பை பிடித்துவைக்காது; தண்ணீரில் நாலு தடவை அலசினால் கண்ணி வழியாகக் கீழே விழுந்துவிடும். சற்றுத் தள்ளி நின்ற இரண்டு பையன்களின் கையில் இருந்தது உரப்பை. அதிலிருந்து எதுவும் விழாது. சின்னது பெரியது எல்லாம் உள்ளே. என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். “நாங்க விக்கிற இல்ல நானா, சும்மா வந்த” என்றான் ஒருவன். அன்று அந்தக் கரையில் அதிகம் எடுத்தவர்கள், விற்கத் தேவையில்லாத அந்த இருவரும்தான்.

மட்டி அள்ளும் விஷயத்தில் நாம் வழக்கமாக நினைப்பது தலைகீழ். தொழில் செய்கிறவர்தான் வளத்தை அழிக்கிறார், பொழுதுபோக்குக்கு வருகிறவர் ஒரு பிடி எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். நாளைக்கும் அதே தண்ணீரில் இறங்க வேண்டியவருக்கு அளவு தெரியும். வருடத்தில் ஒரு நாள் வருகிறவருக்கு அது தெரிய நியாயமில்லை. அப்படி ஒரு நாள் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் வந்தால்? நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் சாய்ந்தமருதிலும் ஒலுவிலிலும் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. பிள்ளைகள் வாளியோடு மணலைத் தோண்டுகிறார்கள். வீடு போனபின் அந்த வாளி முற்றத்தில் கிடந்து நாறுகிறது. சமைத்தவர்கள் குறைவு, எறிந்தவர்கள்தான் அதிகம். வீண்விரயம் கூடாது என்று சோற்றுப் பருக்கைக்குப் படித்துக் கொடுக்கும் வீடுகளில் இதை யாரும் விரயமாக எண்ணுவதில்லை.

சாப்பிடுகிறவர்களுக்குப் பக்குவம் தெரியும். கொண்டுவந்த மட்டியை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் மணலைத் துப்பிவிடும். அவித்ததும் ஓடு திறக்க வேண்டும்; திறக்காததை வீச வேண்டும். சதையைப் பிரித்து மிளகும் ரம்பையும் போட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சினால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை. இங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் என்பதால் மட்டியில் ஹலால் கேள்வி எழுவதில்லை. மீன் தவிர்ந்த கடலுணவை ஹனபி மத்ஹப் ஏற்காததால், அதைப் பின்பற்றும் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இது அடுப்பேறாது.

ஹலாலானது எல்லா இடத்திலும் சுத்தமானதாகவும் இருந்துவிடாது. மட்டி தண்ணீரை வடித்துத் தின்னும் உயிர். தண்ணீரில் உள்ள அழுக்கும் அதன் உடலில்தான் சேரும். சாய்ந்தமருதுத் தோணாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளநீர் கடலுக்கு வடிவதற்காக இருந்த அந்த ஓடை குப்பையும் கழிவுநீரும் தேங்கும் இடமாகிப் போனது. தோணா கடலில் விழும் பக்கத்தில் பொறுக்கும் மட்டியை எவ்வளவு நேரம் அவித்தாலும் அதில் சேர்ந்துவிட்ட உலோகக் கழிவு போகாது. சில வகைக் கடல் நுண்பாசிகள் பெருகும் காலத்தில் மட்டியில் ஏறும் நஞ்சும் கொதியில் அழிவதில்லை. தமிழ்நாட்டில் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் 1981 இல் மட்டி சாப்பிட்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். கேரளத்தில் விழிஞ்ஞத்தில் 1997 செப்டம்பரில் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அளவோடு எடுப்பதில், எங்கே எடுப்பது, எப்போது எடுக்காமல் விடுவது என்பதும் அடங்கும்.

எப்போது விடுவது என்பதை ராத்தாவின் உம்மா சொன்னார். “மாரி வந்தா ஆத்துத் தண்ணி இறங்கிரும். உப்பு இல்லாமப் போனா மட்டி செத்துரும். மிஞ்சினது பெருக விடணும். தண்ணி தெளிஞ்சு உப்பு ஏறுற மட்டும் நாங்க இறங்கிற இல்ல.” வடகீழ்ப் பருவமழை நவம்பரிலிருந்து சனவரி வரை கொட்டும். வயலில் தேங்கும் வெள்ளத்தை இறக்க முகத்துவாரங்களை வெட்டிவிடுவார்கள். வெட்டு என்று விவசாயியும், இப்போது வேண்டாம் என்று மீனவரும் வருடாவருடம் மல்லுக்கு நிற்பார்கள். அந்த இழுபறியில் மட்டிக்காகப் பேச யாரும் இல்லை. மழை மாதங்களில் தண்ணீரில் இறங்காமல் விடுவதுதான் இந்தப் பெண்கள் அதற்குச் செய்யும் உதவி.

இந்தக் கரையில் அளவு என்பது புதுச் சரக்கு அல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முஸ்லிம் மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் நிற்பார்கள். கிழமையில் ஒரு நாள் கடலுக்கு ஓய்வு. கரைவலைக்குப் பாடு உண்டு, முறை உண்டு. ஒரு வலை வளைத்து இழுத்து மடியைக் கரையேற்றும் வரை அடுத்த வலை அந்தப் பாட்டில் இறங்காது. வாடைக்காற்றுக் காலத்தில் கடலே கதவைச் சாத்திவிடும். ஐஸ் பெட்டியும் குளிரூட்டிய லொறியும் வருமுன்னர், எடுத்ததை வைத்திருக்க வழியில்லாததே ஒரு கட்டுப்பாடு. இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வர்த்தமானியில் எழுதவில்லை.

எழுதிய சட்டமும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ், முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிக்கக்கூடாது; விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கை எடுக்கவோ விற்கவோ கூடாது. ஏற்றுமதிக்குப் போகும் பொருள்களுக்கு இப்படி அளவுகோல் வைத்தார்கள். ஏழை வீட்டுச் சட்டிக்குப் போகும் மட்டிக்கு ராத்தாவின் பெருவிரல்தான் அளவுகோல்.

பெருவிரல் போதுமா என்ற கேள்விக்கு அஷ்டமுடிக் காயல் பதில் வைத்திருக்கிறது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே உள்ள அந்த நீர்நிலையில் 1980களில் மட்டிச்சதை ஏற்றுமதி தொடங்கியது. 1991 இல் ஏறத்தாழ 10,000 தொன் எடுத்தார்கள். 1993 இல் அது பாதியாக விழுந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்து பரிந்துரைத்தது, அரசு விதி செய்தது, தொழிலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இனப்பெருக்க காலத்தில் மட்டி எடுக்கத் தடை. வலைக்கண்ணி 30 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏற்றுமதிச் சதை கிலோவுக்கு 1,400 எண்ணத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குஞ்சு கலந்திருக்கிறது என்று அர்த்தம். வளம் மீண்டது. 2014 இல் நிலைத்த மீன்பிடிக்கான மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது இந்த மட்டித் தொழில்தான். மூடிய மாதமும் கண்ணி அளவும்தான் அங்கே வேலை செய்தன. களியோடைப் பக்கத்தில் இரண்டு பெண்கள் யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்பதும் அவைதான்.

பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு என்று தனியாக விதி வைத்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் நீண்ட கத்தி வடிவ மட்டியை ஒருவர் ஒரு நாளில் 15 எடுக்கலாம். முதலில் வரும் 15ஐயும் சின்னதானாலும் உடைந்ததானாலும் வைத்துக்கொள்ளவே வேண்டும். அந்த மட்டியின் ஓடு மெல்லியது, திருப்பி எறிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நம்முடைய மட்டிக்கு ஓடு தடித்தது. உடனே ஈர மணலில் விட்டால் தானே புதைந்துகொள்ளும். ஆகவே நமக்கான விதி அதற்கு நேர் எதிரானது: பார், சின்னதை விடு.

எல்லாப் பழியையும் வாளிப் பிள்ளைகள் மேல் போடுவதும் நியாயமில்லை. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறிக்கிறது. மறித்த பக்கம் மணல் குவிய, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்கிறது. மாளிகைக்காட்டில் மையவாடிவரை அரிப்பு வந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் போடுகிறார்கள். கல் விழுந்த இடத்தில் மட்டி புதைய மண் இல்லை. வாழும் இடமே சுருங்கும்போது, முன்பு தாங்கிய அளவை இப்போது அந்த இனம் தாங்காது. பெரிய தவறைத் திருத்தப் பெரிய கைகள் வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது நம் பை மட்டும்.

அடுத்த பெருநாளைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். உரப்பையும் வாளியும் வேண்டாம், கண்ணியுள்ள வலைப்பை கொண்டுபோங்கள். பெருவிரல் நகத்தை விடச் சின்னதை எடுத்த இடத்திலேயே விடுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் சமைப்பதற்கு மேல் ஒரு பிடியும் எடுக்காதீர்கள். சமைக்கும் எண்ணம் இல்லையென்றால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். தோணா விழும் பக்கத்திலும், மாரி வெள்ளம் இறங்கும் மாதங்களிலும் வேண்டவே வேண்டாம்.

பள்ளிவாசல் நிருவாக சபைகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஊர்களில் அரச அறிவித்தலை விடப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குச் சனம் அதிகம் காது கொடுக்கும். பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் ஃபித்ராவையும் உழ்ஹிய்யாவையும் நினைவூட்டும்போது மட்டியின் அளவையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வரி என்னவென்று அறியக் கொழும்புக்கு எழுதிக் கேட்க வேண்டாம். தண்ணீரில் நிற்கும் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.